வாசகர் கேள்வி, டீச்சர் பதில்: ஒரு நாளைக்கு எட்டு யூனிட்

போன இதழில், நானும் என் அக்கா மகனும் சேர்ந்து கரண்ட் செலவைக் கணக்குப் பார்க்க ஓர் இணையப் பக்கம் செய்துவருவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைத் தொட்டே இருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், நான் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்கத் தூண்டும் ஓர் இணையச் செயலியைத்தான் ப்ராஜெக்டாகச் செய்கிறோம். அறை அறையாகப் படம், வரைபடம், மதிப்பெண், பதக்கம் எல்லாம் இருக்கிறது. கல்லூரியில் பாராட்டினார்கள். என் அம்மா ஒரு தடவை திறந்து பார்த்ததோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. எதை மாற்ற வேண்டும்?
*— ஒரு மாணவர், திருப்பரங்குன்றம்*

தம்பி, அம்மா தொடாததை நீங்கள் கவனித்தீர்களே, ப்ராஜெக்டில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. எங்களுக்கும் இதேதான் நடந்தது. முதலில் செய்த பக்கத்தில் 34 கேள்விகள் வைத்திருந்தோம். நாகமலை புதுக்கோட்டையில் மகளிர் குழுவைச் சேர்ந்த 11 பேரிடம் கொடுத்தேன். கடைசி வரை போனவர்கள் 2 பேர். மற்றவர்கள் எல்லாரும் 'உங்கள் ஃப்ரிட்ஜ் எத்தனை வாட்?' என்ற இடத்தில் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் கேட்டார்: "டீச்சர், பில்லு எம்புட்டு வரும்னு இது சொல்லுமா, சொல்லாதா?" அன்று ராத்திரியே 34 கேள்விகளையும் அழித்தோம்.

அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் ஊர் பில்லில் ஒரு மேடு இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். 2022 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல், 500ஐத் தாண்டினால் வேறு பட்டியல். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீழே இருக்கும் யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையில் ஒரு பங்கும் சேர்ந்து போய்விடும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 2024 ஜூலையில் விலை கொஞ்சம் கூடியது, ஆனால் மேடு அதே இடத்தில்தான் இருந்தது. அந்தக் கணக்கில் 101 முதல் 200 யூனிட் வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால், 101லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் வகுப்பில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ரீடிங் எழுதிவைக்கும் வெள்ளை அட்டையை எடுத்துவரச் சொல்லித்தான் நம்பவைப்பேன்.

500ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு எட்டே சொச்சம். அதனால் எங்கள் பக்கத்தில் இப்போது இரண்டே பெட்டிகள். வெள்ளை அட்டையில் கடைசியாக எழுதிய தேதியும் எண்ணும் ஒன்றில், இன்று மீட்டரில் இருக்கும் எண் இன்னொன்றில். அட்டையில் 18,420 என்று வைத்துக்கொள்ளுங்கள். 29 நாள் கழித்து மீட்டரில் 18,680. பக்கம் சொல்லும்: '260 யூனிட் ஓடியிருக்கிறது. இதே போக்கில் போனால் 538. மீதி 31 நாளும் தினம் ஏழே முக்கால் யூனிட்டுக்குள் இருந்தால் 500ஐத் தாண்டாது.' இதைப் படித்ததும் உங்கள் அம்மாவுக்கு அன்று செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. வரைபடம் அதைத் தராது, நேற்று நடந்ததைத்தான் காட்டும்.

அடுத்தது, நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படும் ஒன்று. வீட்டு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் 'இம்ப்' என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். என் வீட்டு மீட்டரில் 3200. அதாவது 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். உங்கள் வீட்டில் வேறு எண்ணாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 3200 என்றால் கணக்கு சுலபம்: இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பார்த்து, 1125ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். 15 வினாடி என்றால் 75 வாட். நம் வீடுகளில் இருக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஓடுவதற்குச் சமம்.

இதைச் செய்ய ஒரே ஒரு பெரிய பொத்தான் உள்ள பக்கம் போதும். விளக்கு சிமிட்டும்போதெல்லாம் விரலால் தட்டினால், பக்கமே வினாடியை எண்ணி வாட்டைச் சொல்லிவிடும். சர்க்யூட் வேண்டாம், கருவி வாங்க வேண்டாம், மீட்டர் பெட்டியைத் திறக்கவும் கூடாது, கண்ணால் பார்த்தால் மட்டும் போதும். ஒருவர் வாசலில் மீட்டர் முன்னால் போனோடு நிற்க வேண்டும், இன்னொருவர் உள்ளே சுவிட்சைப் போட வேண்டும். எங்கள் வீட்டில் பேத்தி வாசலில் நின்று "அடுத்தது!" என்று கத்த, நான் அறை அறையாக ஓடினேன். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் விளக்கு கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டியது. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தோம். விளக்கு நிற்கவில்லை. 25 வினாடிக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டே இருந்தது. 45 வாட்! தேடிப் பார்த்தால் செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, பேட்டரி நிறைந்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்த இன்வெர்ட்டர். 45 வாட் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 65 யூனிட் ஆகிறது. இவ்வளவு நாளும் குழந்தைகளை 'லைட்டை அணை, லைட்டை அணை' என்று விரட்டிக்கொண்டிருந்தேன். 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எது சிறந்த வழி என்று கேட்டால், விளக்கை அணைப்பது மாதிரியான வேலைகளையே பலரும் சொல்கிறார்கள், பெரிய சாதனங்கள் இழுப்பதை மிகவும் குறைத்து மதிக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. நானும் அந்தப் பலரில் ஒருத்திதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பதக்கம், மதிப்பெண் எல்லாம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பெரிய நிறுவனங்களே இதில் நிலைக்கவில்லை. கூகுள் 2009இல் 'பவர்மீட்டர்' என்று ஒன்று கொண்டுவந்தது, 2011இல் மூடிவிட்டது. எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை என்று அவர்களே சொன்னார்கள். மைக்ரோசாஃப்டின் 'ஹோம்' என்ற சேவையும் அதே காலத்தில் வந்து அதே மாதிரிப் போனது. தினமும் திறந்து பார்க்க ஒரு காரணம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பக்கமும் இரண்டாம் வாரத்தில் மறந்துபோகும். ஆனால் செலவு கண் முன்னால் தெரிந்தால் பலன் உண்டு என்பதும் உண்மை. உடனுக்குடன் செலவைக் காட்டும்போது 5 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா டார்பி 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்.

இன்னொன்று. 2020 ஜனவரி முதல் நட்சத்திர லேபிள் உள்ள ஏ.சி.கள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்தது. வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பலர் மாற்றுவதில்லை. உங்கள் செயலியிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். திறந்ததும் நம் ஊர்க் கட்டணம், 60 நாள், 500 யூனிட் எல்லாம் தானாகவே நிரம்பியிருக்கட்டும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் விலையை நிரலுக்குள் புதைக்காமல் தனி அட்டவணையில் வையுங்கள். எந்தத் தேதியின் விலை என்று திரையிலும் தெரியட்டும்.

இணையத்தில் ஒரு கணக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டேன். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் என்று வந்தது. ஆனால் எங்களுக்கு பில் வந்ததோ 340 யூனிட்டுக்கு. மீட்டர் தப்பா, பக்கம் தப்பா?
*— ஒரு வாசகி, செல்லூர்*

மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம் அம்மா. அந்தப் பக்கம் கேட்ட விதம்தான் தப்பு. ஃப்ரிட்ஜ் 200 வாட், 24 மணி நேரம் என்று போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே 288 யூனிட் வந்துவிடும். ஆனால் உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும், மறுபடி சூடு ஏறினால்தான் ஓடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருக்கும். 240 என்று இருந்தால் இரண்டு மாதத்துக்கு சுமார் 40 யூனிட். மதுரை வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இஸ்திரிப் பெட்டியும் ஏ.சி.யும் இப்படித்தான், விட்டுவிட்டு இழுக்கும்.

ஒவ்வொரு சாமானாகக் கூட்டி மேலே போகும் பக்கத்தில் தப்பு கூடிக்கொண்டே போகும். நல்ல பக்கம் தலைகீழாக வர வேண்டும். முதலில் பில்லில் எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டும். உங்கள் 340தான் உண்மை, அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. அந்த 340க்குள் ஃபேனுக்கு எவ்வளவு, ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு, மோட்டாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். சோற்றுப் பானையில் இருப்பதைத்தானே இலை போட்டுப் பரிமாற முடியும்.

உங்களுக்கு 340 என்றால் மேட்டிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிறீர்கள். சித்திரை, வைகாசி வரும் பில்லை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கச் செயலாளர் என்ற முறையில், எந்த வீடு எத்தனை யூனிட் என்று ஒவ்வொரு பில்லுக்கும் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடலாம் என்று நினைக்கிறேன். போட்டி வந்தால் எல்லாரும் குறைப்பார்கள் அல்லவா?
*— ஒரு வாசகர், கே.கே. நகர்*

ஐயா, வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனாலும் வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு, உங்கள் வீடு இவ்வளவு என்று வீடு வீடாகக் கதவில் சீட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'நாம்தான் தேவையில்லாமல் சிக்கனம் பிடிக்கிறோம்போல' என்பது மாதிரி கூட்டிவிட்டார்கள். இன்னும் சில வீடுகளின் சீட்டில் அதே எண்ணோடு ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து வைத்தார்கள். அந்த வீடுகளில் குறைவாகச் செலவழித்தவர்கள் அப்படியே குறைவாக இருந்தார்கள். ஒரு சின்னப் பாராட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. பிற்பாடு ஓப்பவர் என்ற நிறுவனம் சுமார் 6 லட்சம் அமெரிக்க வீடுகளில் இந்த மாதிரி ஒப்பீட்டுக் கடிதங்களை அனுப்பியதில் சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. சதவீதம் சின்னதுதான், ஆனால் வீடு லட்சக்கணக்கில் என்றால் அதுவும் பெரிது. கவனிக்க வேண்டியது, அவர்கள் அனுப்பியது அந்தந்த வீட்டுக்கு மட்டும். ஊருக்கே வாசித்துக் காட்டவில்லை.

நீங்கள் போடும் பட்டியலில் 17ஆம் எண் வீடு முதலில் நிற்கும். அந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவருக்காக இரவும் பகலும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தை இருக்கலாம். மேல்மாடியாக இருந்து கான்கிரீட் சூடு முழுவதும் அவர்கள் தலையில் இறங்கலாம். அவர்களைப் பட்டியலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றொன்று, யூனிட் திடீரென்று பாதியாகக் குறைந்த வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு. அதைக் குழுவில் போட்டு எதற்கு ஊருக்கு அறிவிக்க வேண்டும்?

ஒப்பிட வேண்டும் என்றால் அந்த வீட்டை அந்த வீட்டோடு ஒப்பிடுங்கள். இந்தச் சித்திரையைப் போன சித்திரையோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லாரும் பார்க்கப் பட்டியல் போட ஆசை என்றால், பொது மீட்டர் இருக்கவே இருக்கிறது. லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார். 1 எச்.பி. மோட்டார் சுமார் 1,000 வாட் இழுக்கும். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் தினம் 20 நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்தில் 20 யூனிட் வீண், தண்ணீரும் வீண். அந்த எண்ணைக் குழுவில் போடுங்கள். யார் மனமும் நோகாது, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் மாட்ட ஆள் கிளம்பிவிடுவார்.

வாடகை வீடு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். இந்த 500 கணக்கு எனக்குப் பொருந்துமா?
*— உசிலம்பட்டியிலிருந்து ஒரு கடைப் பணியாளர்*

பொருந்தாது தம்பி. உங்களுக்கு முதல் யூனிட்டும் 9 ரூபாய், கடைசி யூனிட்டும் 9 ரூபாய். நிறையப் பக்கங்கள் வாடகைக்காரரை நினைத்தே பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்திலும் அந்தக் குறை இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் 'வாடகை வீடு, சப் மீட்டர்' என்று ஒரு பொத்தானைச் சேர்த்தோம். நன்றி.

உங்கள் கணக்கு இது. பழைய ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்த புதிய ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், 360 ரூபாய். 3,000 ரூபாய்க்கு வாங்கினாலும் ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து வீட்டுக்காரருக்கு மாட்டிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபேனை 5லிருந்து 2க்குக் குறைத்தால் கரண்ட் குறையுமா மிஸ்?
*— எட்டாம் வகுப்பு மாணவி, மேலூர்*

சுவரில் பெரிய பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டர் என்றால், குறைக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணாக்கிவிடும். தொட்டுப் பார்த்தாலே சுடும். சின்னத் திருகு மாதிரி இருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் நன்றாகவே குறையும். ஆனால் நான் சொன்னேன் என்று நம்பாதே. மேலே எழுதியிருக்கிற மாதிரி, மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, 5இல் ஒரு தடவையும் 2இல் ஒரு தடவையும் மீட்டர் விளக்கின் சிமிட்டலை எண்ணு. என்ன வந்தது என்று எனக்கு எழுது, இங்கேயே போடுகிறேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான். மோட்டார், கிரைண்டர், ஃபேன் எல்லாம் அவர் கையில். நானும் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். போனில் பேச மட்டும்தான் செய்வார். உங்கள் பக்கத்தை அவருக்கு எப்படிப் பயன்படுத்துவது?
*— ஒரு வாசகி, வாடிப்பட்டி*

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். இணையத்தில் செய்யும் இந்த மாதிரிப் பக்கங்களில் பெரும்பாலானவை பில் கட்டுகிறவரை நினைத்துச் செய்தவை. சுவிட்சைப் போடுகிறவரை நினைத்துச் செய்தவை குறைவு. உங்கள் வீட்டில் பக்கத்தைத் திறப்பது நீங்கள், மோட்டாரைப் போடுவது அத்தை. நடுவே ஒரு பாலம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எண்ணைப் போட்டால் பதிலைக் குரலில் சொல்லும் வசதியை அக்கா மகன் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வட்டார வழக்கிலேயே சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். தினசரி காலண்டர் வீட்டில் இருக்கும் அல்லவா, அதுவே போதும். அத்தை காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்து, நேற்றைய தாளைக் கிழிப்பதற்கு முன்னால் அதன் மேலேயே எழுதட்டும். புள்ளிக்குப் பிறகு வரும் எண் வேண்டாம். கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள்.

ராத்திரி நீங்கள் வந்ததும் நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசத்தை இரண்டு பேருமாகப் பாருங்கள். எட்டுக்குள் இருந்தால் தாளில் ஒரு பூ வரையுங்கள். எட்டைத் தாண்டினால் ஒன்றும் வரைய வேண்டாம், திட்டவும் வேண்டாம். "நேத்து பதினொண்ணு ஓடியிருக்கே அத்தை, என்ன வேலை இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். மாவு ஆட்டினேன், தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரை மூன்று தடவை போட்டேன் என்று அவரே சொல்வார். அந்தப் பதிலில் இருக்கும் விஷயம் எந்தச் செயலிக்கும் தெரியாது.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், நீங்கள் அந்த எண்ணை எங்கள் பக்கத்தில் போட்டு பில் எவ்வளவு வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். இரண்டு மாதம் முடிந்து ரீடிங் எடுக்க ஆள் வரும்போது, அட்டையை அத்தை கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்புங்கள். அட்டையில் எழுதுகிற எண்ணும் காலண்டர் தாளில் தான் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அவரே சரிபார்க்கட்டும்.